மாடத்திலிருந்து பார்த்த சிறுவன்

நவம்பரில் பனி கொட்டத் தொடங்கியதும் என் சைக்கிள் பேஸ்மென்டுக்கு இறங்கிவிடும். பின்சில்லைக் கழற்றி, ட்ரெய்னரில் பூட்டி, முன்னால் ஒரு திரையை வைத்தால் ஏப்ரல் வரை அதுதான் என் வீதி. மொன்றியலில் இருப்பவர்களுக்கு இது புரியும். "மிதிச்சு மிதிச்சு நிண்ட இடத்திலயே நிக்கிறாய்" என்று அம்மா மேலேயிருந்து சிரிப்பார்.

இதெல்லாம் எங்கள் காலத்துப் புதுமை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020இல் திரைமுன் மிதிக்கும் போட்டிக்கு உலகச் சாம்பியன் பட்டமே கொடுத்தார்கள் அல்லவா? ஆனால் 120 வருடங்களுக்கு முன்பே "ஹோம் ட்ரெய்னர்" இருந்திருக்கிறது. உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து ஓட்டுவார்கள். பின்சில்லின் கீழ் இரண்டு உருளை, முன்சில்லின் கீழ் ஒன்று. பின்னால் சுழல்வதை ஒரு பட்டி முன் உருளைக்குக் கொண்டுபோகும். சைக்கிளைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, சமநிலை தவறினால் விழவேண்டியதுதான். நான் ஒருமுறை முயன்று வோஷிங் மெஷினில் போய் மோதினேன்.

அந்த உருளைகளைப் பற்றித் தேடும்போதுதான் மேஜர் டெய்லரைக் கண்டுபிடித்தேன்.

1878இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். கடைசிக் காலத்தில் காசில்லாமல், 1928இல் தானே அச்சிட்ட சுயசரிதையை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றிருக்கிறார். அந்தப் புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. அவரோடு விளையாடும் வெள்ளைக்காரப் பையன்கள் எல்லோரும் வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போவார்கள். நிறத்தைக் காரணம் காட்டி இவரைச் சேர்க்கவில்லை. மேல்மாடத்தில் நின்று, கீழே நண்பர்கள் பயிற்சி செய்வதைப் பார்க்க மட்டும் முடிந்தது.

அதை வாசித்தபின் என் பேஸ்மென்ட் வேறுமாதிரித் தெரிந்தது. குளிர் நாட்டில் பயிற்சி என்றால் நாலு சுவரும் கூரையும் வேண்டும். அந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

1895இல் அவருடைய பயிற்சியாளர் லூயிஸ் மங்கர் அவரை மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்ததும் வை.எம்.சி.ஏ.தான், ஆனால் அது அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருட டிசம்பரில், 18 வயதில், நியூயோர்க் மடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆறுநாள் ஓட்டத்தில் இறங்கினார். வெளியே குளிர்காலம், உள்ளே மரப்பலகைத் தடம், இரவு பகலாக ஓட்டம். 1,732 மைல் ஓடி எட்டாவதாக வந்தார். ஏறத்தாழ 2,787 கிலோமீற்றர்! நான் ஒரு மணித்தியாலத்தில் களைத்துப்போய் பாட்டை மாற்றுகிறேன்.

வெளித்தடங்களில் அவருக்கு வேறு தொல்லை. சக ஓட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து நெருக்கி வழிமறிப்பார்கள். 1897இல் டோன்டன் என்ற ஊரில், ஓட்டம் முடிந்ததும் ஒருவன் அவர் கழுத்தை நெரித்து மயக்கமடையவே வைத்தான். இத்தனைக்கும் பிறகு, 1899 ஓகஸ்டில், ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாம்பியன் ஆனார். எந்த ஊரில் தெரியுமா? எங்கள் மொன்றியலில். இங்கே பள்ளிக்கூடம் முடித்த எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

பிறகு ஒரு வேடிக்கை. அதே 1899இல், ரயிலுக்குப் பின்னால் ஓட்டி ஒரு மைலை 57.8 செக்கனில் முடித்த சார்ள்ஸ் மர்ஃபி என்ற வெள்ளைக்காரரோடு, டெய்லர் நாடக மேடைகளில் உருளைப் போட்டி காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சைக்கிள்கள், இரண்டும் நின்ற இடத்திலேயே. யார் முந்துகிறார் என்பதைக் காட்டும் முள்ளைப் பார்த்துச் சனம் ஆரவாரிக்கும்.

உருளையில் யாரும் யாரையும் இடிக்க முடியாது. குறுக்கே வந்து மறிக்கவும் முடியாது. கால் எவ்வளவு வேகமோ, முள் அவ்வளவு வேகம்.