சாயம் காட்டிக்கொடுத்த கிருமி

மலையக மக்களுக்குச் சாயம் என்றதும் கோப்பையில் இறங்கும் தேயிலையின் நிறமே நினைவுக்கு வரும். ஆயினும், அம்மக்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த வேறொரு சாயமும் உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1856ஆம் ஆண்டு, கொயினா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்ற பேர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர், நிலக்கரித் தாரிலிருந்து எதிர்பாராது ஊதாச் சாயமொன்றைப் பெற்றார். அக்கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் 1861இல் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலையில் நடப்பட்டது. மரம் மலையில் வளர்ந்தது. சாயமோ ஆய்வுகூடத்துள் நுழைந்தது.

பற்றீரியாக்கள் நிறமற்றவை, ஆதலால் நுணுக்குக்காட்டியின் கீழும் எளிதில் புலப்படா. 1882 மார்ச் 24ஆம் நாள், மெதிலீன் நீலத்தின் துணைகொண்டு காசநோய்க் கிருமியைக் கண்டதாக ரொபேர்ட் கொக் பேர்லின் நகரில் அறிவித்தார். அவ்வுரையைக் கேட்டிருந்த போல் எர்லிக் அம்முறையை அவ்வாண்டிலேயே திருத்தியமைத்தார். பின்னர்த் தம் சளியிலேயே அக்கிருமியைக் காணும் நிலை அவருக்கு வந்தது! சீல், நீல்சன் ஆகியோர் அம்முறையை மேலும் செப்பனிட்டனர். மெழுகு போன்ற உறையுடைய இக்கிருமி, ஏற்ற சிவப்புச் சாயத்தை அமிலத்தால் கழுவினும் விடுவதில்லை. நீலப் பின்னணியில் சிவந்த கோல்களாய் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

1884இல், நியுமோனியாவால் இறந்தோரின் நுரையீரல்களை ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டவரான கிறாம், ஊதாச் சாயத்தையும் அயடீனையும் இட்டு மதுசாரத்தால் கழுவினார். தடித்த சுவருடையவை ஊதா நிறத்தைக் காத்தன, ஏனையவை இழந்தன. பற்றீரியாக்களை இரு பெரும் பிரிவாக வகுக்க இன்றும் அம்முறையே கைகொடுக்கிறது. இக்காலத்திலோ, ஒளிரும் சாயம் பொருத்திய மரபணுத் துணுக்குகள் காசநோய்க் கிருமியை இரண்டு மணி நேரத்தில் இனங்காண்கின்றன. 2010இல் உலக சுகாதார நிறுவனம் அச்சோதனையை ஏற்றது.

இவ்வளவு இருந்தும், சளியைக் கொடுக்காதவனுக்குச் சாயம் என்ன செய்யும்? காற்றோட்டம் குன்றிய லயக் காம்பிராவில் ஒருவரின் இருமல் குடும்பம் முழுவதையும் தொடக்கூடும். ஊரார் என்ன சொல்வரோ என்று நோயை மறைப்பது, பிள்ளைகளுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். இரு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். சாதாரணக் காசநோய் ஆறு மாத மருந்தால் குணமாகும். அரசாங்க மருத்துவமனையில் அது இலவசம். கண்ணாடித் தட்டில் சிவப்புக் கோல் தெரிவது வெட்கத்துக்குரியதன்று; அதுவே குணமடைதலின் தொடக்கம்.