பெட்ரோல் நிலையத்தில் 22.5 விழுக்காடு, மின்னேற்ற நிலையத்தில் எவ்வளவு?

மின்வாகனங்களுக்கான பொது மின்னேற்ற நிலையங்களை அமைக்க ஒன்றிய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2028 மார்ச் வரை நீட்டிக்கப்பட்ட ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தின் 10,900 கோடியில் இது ஒரு பகுதி. கார்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 என மொத்தம் 72,300 நிலையங்கள் இத்திட்டத்தின் இலக்கு.

இந்தியச் சாலைகளின் எரிபொருள் வணிகம் கைமாறத் தொடங்கியிருக்கிறது. அது மக்களின் வரிப்பணத்தில் கைமாறுகிறது. ஆகவே புதிய வணிகத்தில் உரிமையாளர் யார், கூலிக்கு நிற்பவர் யார் என்பது சமூகநீதி சார்ந்த கேள்வி. இக்கட்டுரையில் இந்த மானியங்கள் எவை, அவை யார் வழியாகப் பாய்கின்றன, பட்டியலின, பழங்குடியின மக்களுக்கு அவற்றில் என்ன பங்கு என்பவற்றைத் தொகுத்துப் பார்க்கிறோம்.

அரசு தரும் சலுகைகள்

முதற்சலுகை சட்டத்தின் வழியே வந்தது. மின்சாரத்தை வாங்கி விற்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி உரிமம் தேவை. வாகனத்துக்கு மின்னேற்றுவது மின்விற்பனை அன்று, அது ஒரு சேவையே என்று ஒன்றிய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் அளித்தது. அதன் பின்னர் எவரும் உரிமம் இன்றி மின்னேற்ற நிலையம் நடத்தலாம்.

இரண்டாவது வரிச்சலுகை. மின்னேற்றக் கருவிகள் மீதான சரக்கு, சேவை வரி 2019 ஆகஸ்டில் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

மூன்றாவது நிலச்சலுகை. 2022இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி அரசு நிலத்தை வருவாய்ப் பகிர்வு அடிப்படையில் பெறலாம். அரசு சார்ந்த அமைப்புகள் ஒரு யூனிட்டுக்கு 1 ரூபாய் வீதம் செலுத்தினால் போதும். தனியார் அதே 1 ரூபாயை அடித்தள விலையாகக் கொண்ட ஏலத்தில் போட்டியிட வேண்டும்.

நான்காவது மின்கட்டணச் சலுகை. 2024 நெறிமுறைகள் பொது மின்னேற்ற நிலையங்களுக்கான கட்டணத்தைச் சராசரி மின்வழங்கல் செலவுக்கு உட்பட்டதாக வைக்கச் சொல்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் நேரத்தில் அச்செலவின் 0.7 மடங்கே விதிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதும் பெரியதும் மூலதன மானியம். ஒரு நிலையத்தின் செலவு இரு கூறுகளாலானது. மின்மாற்றி, மின்வடம், பகிர்வுப் பெட்டி, கட்டுமானப் பணி ஆகியவை அடிப்படைக் கட்டமைப்பு. வாகனத்தில் செருகப்படும் கருவி மற்றொன்று. அரசு வளாகங்களில் அனைவருக்கும் திறந்த நிலையம் அமைத்தால் இரண்டுக்கும் 100 விழுக்காடு மானியம் உண்டு. தொடர்வண்டி நிலையம், பேருந்து நிலையம், விமான நிலையம், எரிபொருள் நிலையம் போன்ற இடங்களில் கட்டமைப்புக்கு 80, கருவிக்கு 70 விழுக்காடு. வணிக வளாகம், சந்தை, தெருவோரம் ஆகிய இடங்களில் கட்டமைப்புக்கு மட்டும் 80 விழுக்காடு. இவை அரசு வகுத்த அளவுகோல் விலைக்கு உட்பட்டவை. தொகை தவணைகளாக விடுவிக்கப்படுகிறது. இறுதித் தவணை நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே வரும்.

மானியம் யார் கையில் சேர்கிறது?

இம்மானியத்துக்குத் தனிமனிதர் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் மாநில அரசுகளும் அவற்றின் நிறுவனங்களுமே இடங்களைத் தேர்ந்து, தேவைகளைத் திரட்டி, முன்மொழிவு அனுப்ப வேண்டும். நிலையத்தை அவை தாமே நடத்தலாம், அல்லது ஒப்பந்தப்புள்ளி வழியே தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். முன் அனுபவம், ஆண்டு விற்றுமுதல், பிணைத்தொகை என ஒப்பந்தப்புள்ளிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள் முதல் தலைமுறைத் தொழில்முனைவோரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

முந்தைய ‘ஃபேம்-2’ திட்டத்திலும் இதே போக்குதான். அத்திட்டத்தின் கீழ் 2023 மார்ச்சில் 7,432 நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பொதுத்துறைக்குப் பணம் செல்வதில் நமக்கு மறுப்பில்லை. அங்கிருந்து அது எவரைச் சென்றடைகிறது என்பதே நமது வினா.

பெட்ரோல் நிலையம் தரும் முன்னுதாரணம்

இதே எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் நிலைய முகவர்களைத் தேர்வு செய்யும்போது பெரும்பாலான மாநிலங்களில் 22.5 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடியினருக்கு ஒதுக்குகின்றன. 27 விழுக்காடு பிற பிற்படுத்தப்பட்டோருக்கு உரியது. ஒதுக்கீட்டோடு அது நிற்கவுமில்லை. நிலமும் முதலும் இல்லாதவருக்கு வெறும் உரிமக் கடிதம் பயன்படாது என்பதை உணர்ந்து ‘கார்பஸ் ஃபண்ட்’ என்னும் ஏற்பாடும் வகுக்கப்பட்டது. அதன்படி, தேர்வு பெற்ற பட்டியலின, பழங்குடியின முகவருக்கு நிறுவனமே இடத்தையும் கட்டமைப்பையும் உருவாக்கித் தருகிறது. நடைமுறை மூலதனத்துக்குக் கடனும் வழங்குகிறது.

இவ்வேற்பாட்டில் பினாமி முறை புகுந்ததையும், பட்டியலினத்தவர் பெயரில் வேறொருவர் வணிகம் நடத்துவதையும் நாம் அறிவோம். அது கண்காணிப்பின் தோல்வி. கொள்கை அளவில் அரசு ஓர் உண்மையை ஏற்றிருந்தது: எரிபொருள் விற்கும் உரிமை ஒரு பொதுச் சொத்து, அதில் ஒடுக்கப்பட்டோருக்குப் பங்கு உண்டு.

பெட்ரோலின் இடத்துக்கு மின்சாரம் வரும்போது இந்தக் கொள்கை கைவிடப்படுகிறது. மின்னேற்ற நிலையங்களுக்கான மானிய நெறிமுறைகளில் பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கெனத் தனி ஒதுக்கீடு எதுவும் வகுக்கப்படவில்லை. உரிமம் தேவையில்லை, எவரும் தொடங்கலாம் என்பது காதுக்கு இனிய சொல். உரிமம் இருந்தபோது அதைப் பங்கிட ஒரு விதி இருந்தது. உரிமம் நீங்கியதும் பங்கீட்டு விதியும் நீங்கியது. எஞ்சியிருப்பது நிலமும் பணமும் உள்ளவரின் சுதந்திரம்.

நிலம் என்னும் முதல் நிபந்தனை

மின்னேற்ற நிலையத்துக்குச் சாலையோர நிலம் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் பட்டியலினத்தவர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பிலோ நாட்டின் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்தது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் 1892க்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போன வரலாற்றை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து விலகி, தாழ்வழுத்த மின்சாரத்தில் வாழும் குடியிருப்பு ஒன்றிலிருந்து எவர் சாலையோர நிலத்தோடு ஏலத்துக்கு வர முடியும்?

இருக்கும் திட்டங்களைப் பயன்படுத்த முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ்’ திட்டம் பட்டியலின, பழங்குடியினருக்கு மட்டுமே உரியது. உற்பத்தி, வணிகம், சேவை ஆகிய மூவகைத் தொழில்களுக்கும் அது பொருந்தும். திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மூலதன மானியமாகக் கிடைக்கும். எஞ்சிய 65 விழுக்காட்டுக்கான வங்கிக் கடனுக்கு 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மின்னேற்றம் ஒரு சேவை என்று அரசே விளக்கியிருப்பதால், சேவைத் தொழில் என்ற வகையில் இத்திட்டத்தை நாடுவதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டமைப்புக்கு 10 லட்சம், கருவிக்கு 10 லட்சம் செலவாகும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அளவுகோல் விலைக்குள் அடங்கினால், பேருந்து நிலையத்தில் அதை அமைக்கும் அரசு நிறுவனத்துக்கு ஒன்றிய மானியம் 8 லட்சமும் 7 லட்சமுமாக 15 லட்சம் ரூபாய். அதே செலவில் சொந்த முயற்சியில் தொடங்கும் பட்டியலின இளைஞருக்கு மாநிலத் திட்டத்தில் 7 லட்சம் ரூபாய், அதோடு 13 லட்சம் கடன். முன்னவரின் நிலத்துக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய் கொடுத்தால் போதும். பின்னவர் நிலத்தைத் தாமே தேட வேண்டும். அரசு நிறுவனம் அந்நிலையத்தை ஒப்பந்தத்தில் பெரும் நிறுவனத்திடம் ஒப்படைத்தால், 15 லட்சத்தின் பயன் யாரைச் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெரிய கருவிகள் மட்டுமே வழி என்பதும் இல்லை. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கான எளிய மின்னேற்றிகளை 3,500 ரூபாய் வரையிலான விலைக்குள் தயாரிக்கும் நோக்கில் இந்தியத் தரநிலை ஒன்று 2021இல் உருவாக்கப்பட்டது. தேநீர்க் கடை, மிதிவண்டிக் கடை, ஆட்டோ நிறுத்தம் ஆகியவற்றில் இவற்றைப் பொருத்தலாம். உணவு விநியோகம் செய்யும் இளைஞருக்கும் மின் ஆட்டோ ஓட்டுநருக்கும் தேவைப்படுபவை இவையே.

சட்டம் எதுவரை துணை நிற்கும்?

அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 46, பட்டியலின, பழங்குடியினரின் பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்தோடு வளர்க்குமாறு அரசுக்கு ஆணையிடுகிறது. உறுப்பு 39, சமூகத்தின் பொருள்வளங்கள் பொதுநலனுக்கு உகந்தவாறு பகிரப்பட வேண்டும் என்கிறது. இவ்விரண்டும் நெறிமுறைக் கோட்பாடுகள். இவற்றை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்க முடியாது. உறுப்பு 15(4) அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது, கடமையை விதிக்கவில்லை என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நிலைப்பாடு. ஆகவே இப்போராட்டத்தின் முதற்களம் கொள்கையும் சட்டமன்றமும்தான்.

அங்கு முன்னுதாரணங்கள் உள்ளன. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 பொதுக் கொள்முதல் ஆணை, ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடியினரின் நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. கர்நாடகம் 2017இல் சட்டம் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியலினத்தவருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கியது. அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டியலின, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென 2024இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

நிலையம் அமைந்த பின்னர் சாதி குறுக்கிட்டால் குற்றவியல் சட்டம் துணைக்கு வரும். பட்டியலினத்தவர் தொழில் நடத்துவதைத் தடுப்பதும், அவர் மீது பொருளாதாரப் புறக்கணிப்பை ஏவுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1) படி தண்டனைக்குரிய குற்றங்கள்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

1. பொது மானியத்தில் அமையும் மின்னேற்ற நிலையங்களை நடத்தும் உரிமையில், பெட்ரோல் நிலையங்களில் உள்ளதற்குக் குறையாத ஒதுக்கீடு வேண்டும்.

2. அந்த ஒதுக்கீட்டுக்கு உரியவர்க்கு அரசு நிலம் ஏலமின்றி, யூனிட்டுக்கு 1 ரூபாய் வீதத்தில் வழங்கப்பட வேண்டும்.

3. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மானியம் முன்பணமாக விடுவிக்கப்பட வேண்டும். விற்றுமுதல், முன் அனுபவ நிபந்தனைகள் தளர்த்தப்பட வேண்டும்.

4. 48,400 சிறு வாகன நிலையங்களில் ஒரு பங்கு பட்டியலினக் குடியிருப்புகளிலும் அவற்றையொட்டியும் அமைய வேண்டும்.

5. பயனாளிகளின் சமூகப் பிரிவு வாரியான விவரம் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

இவற்றுக்கான முதல் வேலையைக் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின்படி மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கும் மாநில மின்துறைக்கும் விண்ணப்பம் அனுப்புங்கள். உங்கள் மாவட்டத்தில் மானியம் பெற்ற மின்னேற்ற நிலையங்கள் எத்தனை? அவற்றுள் பட்டியலின, பழங்குடியின முகவர்களின் வளாகங்களில் அமைந்தவை எத்தனை? அங்கு கிடைக்கும் வருவாயில் முகவருக்கு என்ன பங்கு? முப்பது நாட்களுக்குள் விடையளிக்க வேண்டியது அவர்களின் கடமை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் பொறுப்பேற்று, இந்திய மின்கொள்கைக்கு அடித்தளம் இட்டவர் அண்ணல் அம்பேத்கர். அந்த மின்சாரம் இன்று சாலைக்கு வருகிறது. நிலையங்களின் இடங்கள் இன்னும் தேர்வாகிக்கொண்டிருக்கின்றன, ஒப்பந்தங்கள் பல இன்னும் கையெழுத்தாகவில்லை. கேட்க வேண்டிய காலம் இதுவே.