தாவர ஸ்டெரால்களும் கொலஸ்ட்ரால் உறிஞ்சலும்

விலங்குச் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைத் தாவரச் செல்லில் செய்பவை தாவர ஸ்டெரால்கள். சிட்டோஸ்டெரால், கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால் ஆகியவை உணவில் மிகுதியாகக் கிடைக்கும் வகைகள். சிட்டோஸ்டெராலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் வேறுபாடு மிகச் சிறியது: 24ஆம் கார்பனில் ஓர் எத்தில் தொகுதி கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குடல் இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. குடலுக்கு வரும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறையப் பாதி உடலுக்குள் சேர்கிறது. சிட்டோஸ்டெராலில் 5 சதவீதம்கூடச் சேர்வதில்லை. குடலோடு நின்றுவிடுவதால்தான் கொலஸ்ட்ரால் உறிஞ்சலைக் குறைப்பதில் இது பயன் தருகிறது. இதன் பயனுக்கு ஓர் எல்லை இருப்பதும் அதனால்தான்.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. பித்த உப்புகள் கட்டும் மைசெல் என்னும் நுண்துளிகளில் ஏறித்தான் அது சிறுகுடல் சுவரை அடைய முடியும். மைசெலில் இடம் அளவானது. தாவர ஸ்டெரால் அங்கே புகுந்தால் கொலஸ்ட்ராலுக்கு இடம் குறைகிறது, மிஞ்சியது மலத்தோடு போகிறது. சுவரை அடைந்ததும் இரண்டையும் செல்லுக்குள் எடுத்துக்கொள்வது என்.பி.சி.1.எல்.1 என்ற புரதம். ஏ.பி.சி.ஜி.5, ஏ.பி.சி.ஜி.8 என்ற இணைப் புரதங்கள் தாவர ஸ்டெராலை உடனே குடலுக்கே திருப்பித் தள்ளிவிடுகின்றன. மைசெல் போட்டி மட்டுமே முழு விளக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. நாளுக்கு ஒரே வேளை எடுத்துக்கொண்டாலும், மூன்று வேளையாகப் பிரித்து எடுத்துக்கொண்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. அப்படியானால் குடல் செல்லுக்குள்ளேயும் ஏதோ மாற்றம் நடக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

முட்டையும் இறைச்சியும் உண்ணாதவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். குடலில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு உணவிலிருந்து வருவதல்ல. கல்லீரல் பித்தநீர் வழியாக அனுப்புவது. உணவில் வருவது நாளுக்கு 300 மில்லிகிராம் என்றால், பித்தநீரில் வருவது சுமார் 1,000 மில்லிகிராம். எனவே சைவ உணவினருக்கும் இந்தத் தடை வேலை செய்யும். உறிஞ்சல் குறைந்தால் கல்லீரல் தானே கூடுதலாகத் தயாரித்து ஈடுகட்டிவிடாதா என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஓரளவு ஈடுகட்டத்தான் செய்கிறது. ஆனால் கல்லீரல் தன் ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்னும் ‘கெட்ட’ கொலஸ்ட்ராலையும் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் சேர்ந்த பின் மிஞ்சும் நிகர விளைவுதான், நாளுக்கு 2 கிராம் தாவர ஸ்டெரால் எடுப்பவரிடம் காணப்படும் 8 முதல் 10 சதவீத எல்.டி.எல். குறைவு. ஏறக்குறைய 3 கிராமைத் தாண்டினால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை.

பின்லாந்தின் வட கரேலியாவில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. சிட்டோஸ்டெராலின் நிறைவுற்ற வடிவமான சிட்டோஸ்டானால் கலந்த மார்கரினை ஓராண்டு உண்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதமும், எல்.டி.எல். சுமார் 14 சதவீதமும் குறைந்தன. அதே ஆண்டில் அந்நாட்டில் இவ்வகை மார்கரின் கடைக்கு வந்தது. வழக்கமான உணவில் கிடைக்கும் தாவர ஸ்டெரால்களோ நாளுக்கு 150 முதல் 400 மில்லிகிராம்தான். அரிசித் தவிட்டு எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இவை அதிகம், தேங்காய் எண்ணெயில் குறைவு. அதற்காகத் தாளிக்கும் எண்ணெயைக் கூட்டி 2 கிராமை எட்டப் பார்ப்பது தவறு; கலோரிதான் ஏறும்.

சிட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய மரபுநோயைக் காட்டி எழுப்பும் ஐயத்தைப் புறக்கணிக்க முடியாது. 1974இல் இரு சகோதரிகளிடம் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோயில், மேலே சொன்ன இணைப் புரதங்களில் ஒன்று பழுதாகி, தாவர ஸ்டெரால் இரத்தத்தில் குவிகிறது. தசைநாண்களில் கொழுப்புக் கட்டிகளும் இளவயதிலேயே தமனி அடைப்பும் வருகின்றன. இந்நோயாளிகள் தாவர ஸ்டெரால்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு இரத்த அளவு சிறிதே உயர்கிறது. அதனால் கேடு உண்டு என்பது நிறுவப்படவில்லை. பீட்டா கரோட்டின் அளவு சற்றுக் குறைவதுண்டு. கேரட், கீரை, பூசணி அதை ஈடுசெய்யும்.

மாரடைப்பு குறைகிறதா என்று நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை என்பதே இவ்வாதத்தின் மெலிந்த இடம். என்.பி.சி.1.எல்.1 புரதத்தை அடைக்கும் எசெட்டிமைப் மருந்து, ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மருந்துடன் சேர்த்தபோது இதயநோய் நிகழ்வுகளைச் சற்றுக் குறைத்தது 18,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. உறிஞ்சலைத் தடுப்பது பயன் தரும் வழி என்பதற்கு இது சான்று. தாவர ஸ்டெராலுக்கே சான்று ஆகாது. ஆகவே ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து. கூடச் சேர்ப்பதில் நியாயம் உண்டு: ஸ்டாட்டின் கல்லீரலில் வேலை செய்கிறது, இது குடலில். ஸ்டாட்டினின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் சுமார் 6 சதவீதமே குறையும். 2 கிராம் ஸ்டெரால் அதற்குக் குறையாத பலனைத் தருகிறது.