பாரசீகக் கம்பளமும் பவானி ஜமக்காளமும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். நூல் வியாபாரத்திலேயே காலம் தள்ளிய எனக்கு நெசவைத் தவிர வேறென்ன தோன்றும்? ராஜபாளையத்துக்கு 1936-லேயே பஞ்சாலை வந்துவிட்டது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கைத்தறிச் சேலை. இப்படி நூலோடு பிறந்து வளர்ந்த நாம், தினமும் உட்காரும் விரிப்பை நெய்தது யார் என்று யோசித்திருப்போமா?

விரிப்பு என்றாலே உலகம் முதலில் சொல்வது பாரசீகக் கம்பளத்தைத்தான். பாரசீகம் என்பது இன்றைய ஈரான். அங்கே பாவு நூலில் கம்பளி நூலையோ பட்டையோ ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, நுனியை வெட்டிவிடுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை ஓட்டிச் சீப்பால் அடித்து இறுக்குவார்கள். முடிச்சிலேயே ஊர்க்கு ஊர் வித்தியாசம் உண்டு. தப்ரீஸில் துருக்கி முடிச்சு, காஷானில் பாரசீக முடிச்சு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தின் நீளம் சுமார் பத்தரை மீட்டர். ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்ற ஆண்டும், காஷான் ஊர் மக்சூத் என்ற பெயரும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் லட்சக்கணக்கில் முடிச்சுப் போட்ட விரல்கள் யாருடையவை? அந்தப் பெயர்கள் அதில் இல்லை.

அக்பர் காலத்தில் இந்தக் கலை ஆக்ரா, லாகூர் பக்கம் வேரூன்றியது. ஆனால் நம் தமிழ்நாட்டு வீடுகளில் கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் விரிப்பது பவானி ஜமக்காளம். இதில் முடிச்சு கிடையாது. முரட்டுப் பருத்தி நூலில் பாவும் ஊடையும் சேர்ந்த தட்டை நெசவு. பட்டை பட்டையாக வண்ணம். உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம்!

இது பிறந்த கதையைக் கேளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் மில் துணி வந்து குவிந்தது. சேலையும் வேட்டியும் நெய்து பிழைக்க முடியாத நிலை. பவானியில் ஜங்கமர் என்ற நெசவாளர்கள் முரட்டு நூலுக்கு மாறி ஜமக்காளம் நெய்யத் தொடங்கினார்கள். அன்று அந்த ஊருக்குச் சோறு போட்டது அதுதான்.

இன்று மறுபடியும் அதே சங்கடம். 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது. 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு ‘பவானி’ என்ற பெயரிலேயே மலிவாக விற்கிறது. கூலி கட்டுபடியாகாமல் நெசவாளர் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். நாம கடையில் விலையை மட்டும் கேட்டுட்டு வந்துடறோம்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விரிப்பு வாங்கும்போது பவானி கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திலேயே கேட்டு வாங்குவோம். ஓரத்தில் கல்லூரிப் பெயரோ உபயதாரர் பெயரோ போடுவது வழக்கம்தானே? அதன் பக்கத்தில் நெய்தவர் பெயரையும் போடச் சொல்வோம். அதற்கு ஆகும் கூடுதல் கூலியில் என் பங்கைத் தர நான் தயார். நீங்கள்?