சாக்சபோனும் இசைத்தட்டும்

யாழை முதலில் செய்தவர் யார், குழலுக்கு முதலில் துளையிட்டவர் யார் என்று எவராலும் சொல்ல இயலாது. சாக்சபோன் அவ்வாறன்று. அதற்குத் தந்தை பெயரும் உண்டு. பிறந்த ஆண்டும் உண்டு. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பார் 1846இல் பாரிஸ் நகரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் உடல் பித்தளை. ஆயினும் ஒலி பிறப்பது வாயில் வைக்கும் நாணற் பட்டையில். நம் நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்குடையது. இதற்கு நாக்கு ஒன்றே. பட்டாளத்து வாத்தியமாகத் தொடங்கிய இக்கருவி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் இசையில் புகுந்த பின்னரே தன் முழுக் குரலையும் கண்டது.

இக்கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர் மேதைகளின் பெயர்களை வரிசையாக அடுக்குவர். அம்மேதைகளுக்குப் பாடஞ் சொன்ன பொருள் ஒன்றை மட்டும் மறந்துவிடுவர். அதுதான் இசைத்தட்டு.

ஜாஸின் உயிர், வாசிக்கும் அந்நேரத்தில் கற்பனையில் எழுவது; நம்மவர் மனோதர்மம் என்பரே, அதைப் போன்றது. தாளில் எழுதி வைக்கப்படாத ஒன்றை அடுத்த தலைமுறை கற்பது எவ்வாறு? மூத்தோர் அருகிலிருந்து கற்றவர் அங்கும் உண்டு. தொலைவிலிருந்த இளைஞனுக்கோ இசைத்தட்டே குருகுலம்.

கோல்மன் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவில் ஐந்தாண்டு கழித்துவிட்டு 1939இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு அக்டோபர் 11ஆம் நாள் 'பாடி அண்ட் சோல்' என்னும் காதற்பாட்டைத் தட்டில் பதித்தார். அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. ஒரு பக்கம் கொள்வது ஏறத்தாழ மூன்று நிமிடம். ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மெட்டைச் சிறிதே காட்டிவிட்டு, எஞ்சிய நேரமனைத்தையும் தம் கற்பனைக்கு ஒதுக்கினார். பழகிய மெட்டு எங்கே என்று மக்கள் சினக்கவில்லை. தட்டு நன்றாக விற்றது. இடம் குறுகவே இசை செறிந்தது. நான்கடியில் வெண்பா எழுதிப் பழகியவர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஜாஸை முதன்முதலாகக் கேட்கப் புகும் அன்பர் இத்தட்டிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

ஹாக்கின்ஸின் ஒலி கனமானது. லெஸ்டர் யங்கின் ஒலியோ இறகு போன்றது. கவுண்ட் பேசி குழுவின் தட்டுகளில் யங் ஊதியவற்றை, 1937ஆம் ஆண்டுக் கோடையில், ஓசார்க் மலைப்பகுதியில் இருந்துகொண்டு கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார் ஓர் இளைஞர். அவருக்கு அப்போது வயது பதினாறு. பெயர் சார்லி பார்க்கர். மனப்பாடம் என்றாலே இன்று கல்வியாளர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். அது சிந்தனையைக் கொன்றுவிடுமாம்! பிறர் இசையை அடியொற்றிக் கற்ற இதே பார்க்கர், 1945 நவம்பர் 26இல் 'கோ கோ' என்னும் தட்டில் ஊதியது யங்கின் சாயலன்று. அதற்கு முன் எவரும் ஊதாத ஒன்று. அதன் விரைவில் கேட்போர்க்கே மூச்சு வாங்கும்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் ஒரு பள்ளம் உண்டு. வானொலியும் காசு போட்டால் பாடும் பெட்டியும் தட்டுகளைச் சுழற்றி, இசைஞர் வயிற்றில் அடித்தன. ஆகவே அமெரிக்க இசைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் தட்டுப்பதிவை நிறுத்தியது. தட்டு வார்ப்பதற்கான அரக்கு இந்தியாவிலிருந்து சென்றது; போரினால் அதுவும் அருகிற்று. கொலம்பியா, விக்டர் ஆகிய பெருநிறுவனங்கள் 1944 நவம்பரில்தான் இணங்கின. பார்க்கரும் டிசி கில்லெஸ்பியும் 1943இல் எர்ல் ஹைன்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்தனர். 'பீபாப்' என்னும் புதுநெறி கருவுற்று வளர்ந்த காலம் அது. அவர்கள் இருந்தபோது அக்குழு பதித்த தட்டு ஒன்றேனும் இல்லை. சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது, இழப்பும் உண்மையே. ஏடுகளைக் கரையானுக்குக் கொடுத்த நமக்கு அதன் அளவு தெரியும்.

கொலம்பியா நிறுவனம் 1948இல் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் இசைக்க இடம் கிடைத்தது. வெண்பா பாடியவர்க்குக் காப்பியம் பாட வாய்ப்பு வந்தது எனலாம். நீளம் கிடைத்ததும் வீண் சொல் பெருக்கியவரும் உண்டு. சனி ரோலின்ஸ் அவருள் ஒருவரல்லர். அவர் 1956இல் பதித்த 'சாக்சபோன் கொலாசஸ்' தட்டில் 'ப்ளூ செவன்' என்னும் பகுதி பதினொரு நிமிடத்துக்கு மேல் செல்கிறது. ஆயினும் முதலில் இட்ட சிறு வித்தே கிளைத்துக் கிளைத்து வளர்வதைக் காதாற் பின்தொடரலாம்.

ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9ஆம் நாள் நியூஜெர்சியில் பதித்த 'எ லவ் சுப்ரீம்' நான்கு பகுதிகளால் ஆனது. மொத்தம் சற்றேறக்குறைய 33 நிமிடம். இறைவனை நோக்கி அவரே எழுதிய கவிதை ஒன்று தட்டின் உறையில் அச்சாகியுள்ளது. இறுதிப் பகுதியில் அவர் ஊதுவது அக்கவிதையையே. சொல்லுக்குச் சொல், அசைக்கு அசை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் வரிகள் ஒலியோடு பொருந்தி வரும். கீர்த்தனையின் சாகித்தியம் விளங்க ஊதும் நாகசுர வித்துவான்களைக் கேட்டவர்க்கு இது வியப்பளிக்காது, மகிழ்ச்சியளிக்கும்.

கோல்ட்ரேன் 1967இல், நாற்பதாம் வயதில் மறைந்தார். அப்படைப்பை அவர் 1965 அக்டோபரில் சியாட்டில் நகரில் மேடையில் வாசித்ததை ஜோ பிரேசில் என்னும் இசைஞர் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அந்நாடா 2021இல்தான் வெளிவந்தது. தட்டில் 33 நிமிடமாக இருந்த அதே படைப்பு, அன்றிரவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீண்டிருக்கிறது.