எலியின் கட்டியிலிருந்து பிறந்த மருந்து

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து மார்பில் கட்டியோடு வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கிவரும் பெண்ணுக்குப் புற்றுநோய் உறுதியானால், திசுச் சோதனையில் கேட்டு வாங்க வேண்டிய ஒரு வரி உண்டு: ஹெர்2. சிகிச்சையின் திசையையே மாற்றும் வரி அது. அதன் தொடக்கத்தில் ஓர் இந்தியர் இருக்கிறார்.

1982இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில் லட்சுமி சரண் பாதி என்ற அந்த இந்தியர் எலிகளின் நரம்புக் கட்டியை ஆராய்ந்தார். அந்தக் கட்டியின் டி.என்.ஏ. புகுந்த செல்கள் புற்றாக மாறின. அவற்றில் 1,85,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதம் தென்பட்டது. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளும் கையில் இருந்தது. ஆனால் அந்த ஆய்வகம் அதை மருந்தாக்கிப் பார்க்கவில்லை. கைக்கெட்டியது அப்படியே நின்றுபோனதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவின் மனித வடிவம்தான் ஹெர்2. செல்லின் மேலுறையில் குறுக்காக நிற்கும் இந்தப் புரதம் தன் இனப் புரதமொன்றோடு இணைந்ததும், உறைக்கு உள்ளே இருக்கும் அதன் வால் பாஸ்பேட்டை ஏற்கிறது. அங்கிருந்து ராஸ், ஏகேடி போன்ற புரதங்கள் வழியே கைமாறிக் கைமாறி, 'பிரிந்து பெருகு' என்ற கட்டளை உட்கரு வரை போகிறது. இயல்பான செல்லில் மரபணுவின் படிகள் இரண்டுதான். சில கட்டிகளில் அவை பல மடங்காகிவிடுகின்றன. மேலுறை முழுக்க ஹெர்2 மொய்க்கிறது, கட்டளை ஓய்வதே இல்லை.

ஜெனன்டெக் நிறுவனத்தின் ஆக்சல் உல்ரிச் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துத் தர, லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார். ஏறக்குறைய 30 சதவீதத்தில் மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் மற்றவர்களைவிட விரைவில் திரும்பியது. 1987இல் இது வெளியானது. ஹெர்2வின் வெளிப்பகுதியைப் பற்றி அடக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்கு நிகரான மருந்தைப் பெங்களூரின் பயோகான் 2014இல் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஹெர்2 மிகாத கட்டிக்கு இந்த மருந்து பயன்படாது. ஆகவே எல்லாம் சோதனையைப் பொறுத்தது. எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். தாமதித்தால் முடிவே தவறாகலாம். ஆய்வகம் தொலைவில் இருக்கட்டும், பாதகமில்லை. திசு எடுக்கும் அறையிலேயே ஃபார்மலின் புட்டி தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.