தகரக் குழலும் பெயரற்ற பண்ணும்

இசைக்கருவிகளுள் எளியோரின் கருவி எது என வினவின், அயர்லாந்து மக்கள் போற்றும் தகரக் குழலைச் சுட்டலாம். ஆறு துளைகளும் ஊதல் போன்ற வாய்ப்பகுதியுமே அதன் உறுப்புகள். 1843-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளார்க் என்னும் ஆங்கிலேயர், தகரத் தகட்டைச் சுருட்டி இதனைச் செய்து விற்கத் தொடங்கினார். விலை மலிவாயிருந்தமையால் ஏழையர் இல்லங்களிலும் அது இடம்பெற்றது.

இரண்டே ஆண்டுகளில், 1845-இல், அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் பற்றிக்கொண்டது. உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. ஆயினும் பிற உணவுப் பொருள்கள் நாட்டைவிட்டு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் பட்டினியாலும் பிணியாலும் மாண்டனர். ஏறத்தாழ அத்துணை பேர் கடல் கடந்தனர். ஐரிஷ் மொழியில் பாடி வந்தோர் பலர் மறையவே, அவர்தம் பாடல்களும் உடன் மறைந்தன.

எஞ்சியவற்றைத் திரட்ட முனைந்தோருள் ஒருவர் ஜார்ஜ் பெட்ரி. 1855-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில், லிமவாடி ஊரினரான ஜேன் ராஸ் அம்மையார் அளித்த மெட்டொன்று உள்ளது. 'லண்டன்டெரி பண்' எனப் பிற்காலத்தில் புகழ்பெற்றது அதுவே. 1913-இல் பிரெடெரிக் வெதர்லி என்னும் ஆங்கிலேய வழக்கறிஞரின் வரிகள் அதனோடு இணைந்து, 'டேனி பாய்' என்னும் பாடலாயிற்று. ஆனால், ராஸ் அம்மையார் அதனை எவரிடம் கேட்டார்? தொகுப்பில் அவர் பெயர் இல்லை. மெட்டுக்குரிய பழைய சொற்களும் இல்லை.

இக்குறை, பண்ணைக் குழலில் கற்போரை நேரே தொடுகிறது. ஐரிஷ் மரபில் மெல்லச் செல்லும் பண்கள் பெரும்பாலும் பாடலினின்று பிறந்தவை. கண்டிப்பான தாளக்கட்டு அவற்றுக்கில்லை. எனவே, முதலில் பாடலைக் கேள், சொல் நிற்கும் இடத்தில் மூச்செடு என்று கற்பிப்பர். பழைய சொற்கள் கிட்டாத இப்பண்ணிலோ, மூச்சுக்குரிய இடத்தை மெட்டின் போக்கிலேயே தேடவேண்டும். இறுதிப் பகுதியில் மெட்டு உச்சத்துக்கு ஏறும். மேல் ஸ்தாயிக்கெனக் குழலில் தனித் துளைகள் இல்லை. அதே விரல்களோடு மூச்சை மட்டும் சற்றே வலிதாக்க வேண்டும். முன்னதாகவே மூச்சைச் சேமித்து வைக்காதவர்க்கு அவ்வுச்சம் வசப்படாது.

ஏட்டில் சுரங்களைப் பொறித்தவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும், அம்மெட்டை முதலில் ஈந்த கைகளுக்கும் கடன்பட்டுள்ளோம். அவர் பெயரை இனி மீட்டல் அரிது. விரைந்து வாசித்து முடித்துவிடாமல், ஒருவர் பொறுமையோடு செவிமடுத்துக் கற்று வாசிக்கையில், அவர் விட்டுச்சென்றது மீண்டும் ஒரு மனிதரின் மூச்சில் வாழ்கிறது.